கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போகாத இரண்டு பையன்கள்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில், நகோயா நகரில் குடியிருக்கிறீர்கள். உங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வெள்ளைச் சட்டை, டை, சட்டைப் பையில் கறுப்புப் பெயர்ப் பட்டையோடு இரண்டு அமெரிக்கப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். மார்மன் மிஷனரிகள் என்று பக்கத்து வீட்டு ஜப்பானிய அம்மா சொன்னார். கிறிஸ்துமஸுக்கும் ஊருக்குப் போகமாட்டார்களாம், பெற்ற தாயோடு போனில் பேசக்கூட விடமாட்டார்களாம், உண்மையா என்று கேட்கிறீர்கள். கடைசியாக, ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டால் தப்பாகுமா என்று ஒரு வரி. எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் கேள்வியே என்று படுகிறது. யார் பெற்ற பிள்ளைகளோ, நல்ல நாளும் அதுவுமாக இப்படிக் கிடக்கிறார்களே என்ற எண்ணம் வந்துவிட்டது உங்களுக்கு. அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் படித்தது மதச் சமூகவியல். வட ஜப்பானின் சப்போரோ நகரில் பதினோரு வருடம் இருந்தேன், 2020இல் ஊர் திரும்பினேன். ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டு மிஷனரிகளைப் பற்றித்தான் என் ஆய்வு. அதற்காக மார்மன் பையன்கள், பெண்கள் என்று நாற்பது பேருக்கு மேல் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். அந்தச் சபையில் நான் உறுப்பினன் இல்லை, அதன் கொள்கையில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என்னிடம் பேசியவர்கள் பெரும்பாலும் பேசப் பிரியப்பட்டவர்கள். பாதியில் மனம் உடைந்து ஊர் திரும்பியவர்களில் மூன்று பேர்தான் வாய் திறந்தார்கள். ஆகவே என் சித்திரம் கொஞ்சம் வெளிச்சப் பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். படிக்கும்போது அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகமாட்டார்கள் என்பது உண்மை. பையன்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். நடுவில் விடுமுறை என்று ஒன்று கிடையாது. அக்கா கல்யாணம், தம்பி பட்டமளிப்பு எதற்கும் போவதில்லை. அம்மாவோடு பேச விடமாட்டார்கள் என்பது பழைய கதை. 2019 பிப்ரவரி வரை வருடத்துக்கு இரண்டே முறைதான் வீட்டுக்குப் பேசலாம்: கிறிஸ்துமஸ் ஒன்று, அன்னையர் தினம் ஒன்று. மற்ற நாளெல்லாம் வாரம் ஒரு மின்னஞ்சல், அதற்கு முந்தின தலைமுறைக்குக் கடிதம். அந்த மாதம் 15ஆம் தேதி சபைத் தலைமை விதியைத் தளர்த்தியது. இப்போது வாரந்தோறும் அவர்களுக்கென்று ஒதுக்கிய நாளில் போனிலோ வீடியோவிலோ வீட்டோடு பேசலாம். கிறிஸ்துமஸ் மாதிரி விசேஷ நாளிலும் பேசலாம். பக்கத்து வீட்டு அம்மா பல வருடமாக இந்தப் பையன்களைப் பார்த்துவருகிறவராக இருப்பார். அவர் கேள்விப்பட்டபோது அது உண்மைதான்.

இவர்கள் யார் என்று சுருக்கமாக. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. தலைமையகம் உட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப் பெயர். மார்மன் என்று கூப்பிட வேண்டாம் என்று 2018இல் அவர்கள் தலைவரே கேட்டுக்கொண்டார். கேள்வியில் நீங்கள் எழுதியதால் நானும் அப்படியே எழுதுகிறேன், நேரில் சொல்லாதீர்கள். 2024 முடிவில் 74,000க்கு மேற்பட்ட மிஷனரிகள் உலகெங்கும் இருந்தார்கள். பெரும்பாலானோர் 18இலிருந்து 22 வயதுக்குள். எந்த நாட்டுக்குப் போவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, சபையிலிருந்து ஒரு நாள் அழைப்பு வரும். ஜப்பான் என்று வந்தால் உட்டாவின் ப்ரோவோ நகரில் ஏறக்குறைய ஒன்பது வாரம் மொழிப் பயிற்சி. அப்புறம் விமானம். செலவு அவர்கள் குடும்பத்தினுடையது. அமெரிக்கக் குடும்பங்கள் 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர் பொது நிதிக்குக் கட்டுகின்றன. பையன் டோக்கியோவில் இருந்தாலும் மணிலாவில் இருந்தாலும் அதே தொகைதான். ஆகவே மாடியில் இருப்பவர்கள் சம்பள ஆட்கள் இல்லை. பள்ளியில் படிக்கும்போதே புல் வெட்டி, பர்கர் கடையில் நின்று இதற்காகப் பணம் சேர்த்த கதையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க நான் எப்போதும் சபரிமலை மாலையைத்தான் சொல்வேன். மாலை போட்டவன் பத்து வயதுப் பையனானாலும் அவனைச் ‘சாமி’ என்றுதானே கூப்பிடுகிறோம்? இவர்களும் பத்தொன்பது வயதிலேயே ‘எல்டர்’, அதாவது மூப்பர். பெண்களென்றால் ‘சிஸ்டர்’. ஜப்பானியச் சபைக்காரர்கள் ‘சோரோ’ என்பார்கள், அதற்கும் அதே பொருள்தான். முதல் பெயரை இரண்டு வருடத்துக்கு மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள், பெயர்ப் பட்டையில் குடும்பப் பெயர்தான் இருக்கும். சினிமா இல்லை, டிவி இல்லை, காதல் இல்லை, மது, புகை, காபி, டீ எதுவும் இல்லை. இதில் மதுவும் புகையும் காபியும் டீயும் சபையார் எல்லோருக்குமே ஆயுள் முழுக்க விலக்குத்தான். விரத ஒப்பீடு இதுவரை பொருந்தும். நம் மண்டலம் 41 நாள், வீட்டிலேயே இருந்து அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு முடிக்கலாம். அவர்களுக்கு 730 நாள், வேற்று மொழியில்.

நீங்கள் தனிமை என்கிறீர்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தவறிப்போகும் இடம் இது. அந்தப் பையன் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருப்பதில்லை. எப்போதும் இரண்டு பேர், ஒருவர் மற்றவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குளியலறை போல ஓரிரண்டுதான் விலக்கு. ஒரே அறையில்தான் தூக்கம். ஜப்பானில் கூட்டாளியை ‘தோரியோ’ என்பார்கள். அவனை இவன் தேர்ந்தெடுப்பதில்லை. ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒரு முறை இடமாற்றப் பட்டியல் வரும், அதில் ஒருவன் போவான், புதியவன் வருவான். டிசம்பர் நடுவில் மாற்றம் வந்தால் முன்பின் தெரியாத ஒருவனோடுதான் கிறிஸ்துமஸ். ஒரு பையன் என்னிடம் சொன்னான்: “வீட்டு ஞாபகம் வந்தால் அழுவதற்கு இடமில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதேன். வெளியே வந்தால் தோரியோவின் கண்ணும் சிவந்திருந்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை, நூடுல்ஸ் போட்டுச் சாப்பிட்டோம்.” வீட்டு ஞாபகத்துக்கு அவர்களிடையே ஒரு கொச்சை வார்த்தை உண்டு, ‘ட்ரங்கி’. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டிதான் அதன் வேர். மனசுக்குள் பெட்டி கட்டிவிட்டவன் என்று அர்த்தம். முடிந்து ஊர் திரும்புவதைச் ‘சாவது’ என்கிறார்கள். கேட்கும்போது திடுக்கென்றிருக்கும், அவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

இப்போது கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். நீங்கள் ஜப்பானில் இருப்பதால் பாதி தெரிந்திருக்கும். 25ஆம் தேதி அங்கே வேலை நாள். கிறிஸ்தவர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். ஆனால் நவம்பர் பாதியிலேயே தெருவெல்லாம் விளக்கு, கடையெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு, ஸ்ட்ராபெர்ரி வைத்த வெள்ளை கேக். 24ஆம் தேதி மாலை காதலர்களுக்கு. 1974இல் தொடங்கிய விளம்பரத்தின் புண்ணியத்தில் கென்டக்கி சிக்கன் வாளிக்குப் பல வாரம் முன்பே முன்பதிவு, கடை வாசலில் அதன் நிறுவனர் கர்னல் சாண்டர்ஸ் பொம்மைக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்பு. ஏசு பிறந்த கதைக்கு இதில் எங்கும் இடம் கிடையாது. கடவுளைப் பற்றிப் பேசவென்றே கடல் தாண்டி வந்த பையனுக்கு இது எப்படியிருக்கும்? பண்டிகையே இல்லாத ஊராக இருந்தால்கூட மனம் சமாதானமாகிவிடும். தன் வீட்டுப் பாட்டே கோழிக்கறி விற்கும் கடையில் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு நடப்பது வேறு மாதிரி வலி. அமெரிக்காவிலும் கடைகள் விற்கத்தான் செய்கின்றன, அதை நான் கேட்டதுண்டு. அங்கே கடையை விட்டு வீட்டுக்கு வந்தால் வீட்டில் கிறிஸ்துமஸ் இருக்கும் என்று ஒரு பெண் பதில் சொன்னாள்.

இன்னொரு சங்கதி. அவர்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கென்று தனி வழிபாட்டு முறை பெரிதாக இல்லை. கத்தோலிக்கரைப் போல நள்ளிரவுப் பூசை கிடையாது. முந்தின ஞாயிறு பாட்டு நிகழ்ச்சி இருக்கும். 25 ஞாயிறாக வந்தாலொழிய அன்று கோயிலில் ஆராதனை இல்லை. இயேசு பிறந்தது ஏப்ரல் 6 என்று நம்புகிற மார்மன்கள்கூடப் பலர் உண்டு. அவர்கள் வேதநூல் ஒன்றின் வரியை அப்படி வாசிக்கிறார்கள். ஆகவே அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்பது பெருமளவு வீடுதான். ஐந்தாறு பிள்ளைகள் உள்ள வீடு, ஒரே மாதிரிப் பைஜாமா போட்டுக்கொண்டு படியில் வரிசையாக உட்கார்ந்து படம் எடுப்பது, பைபிளில் இயேசு பிறந்த கதை வரும் லூக்காவின் இரண்டாம் அதிகாரத்தை அப்பா வாசிப்பது. கோயிலில் நடக்கும் பண்டிகையை எந்த ஊரிலும் ஒரு கோயிலைத் தேடிப் போய்க் கொண்டாடிவிடலாம். வீட்டில் நடக்கும் பண்டிகைக்கு என்ன செய்வது? தீபாவளியன்று நீங்கள் ஜப்பானில் ஆபீஸுக்குப் போய் வந்திருப்பீர்கள் அல்லவா, அதேதான்.

அன்று என்னதான் செய்வார்கள்? டிசம்பரில் ஒரு நாள் அந்தப் பகுதி மிஷனரிகள் எல்லோரையும் மிஷன் தலைவர் ஒன்றாகக் கூட்டுவார். தலைவர் என்றால் மனைவியோடு மூன்று வருடம் வந்து தங்கும் நடுவயதுக்காரர். இவர்களுக்குப் பெற்றோர் ஸ்தானம். சாப்பாடு, பாட்டு, அசட்டு நாடகம் எல்லாம் நடக்கும். ஊரிலிருந்து வந்த பார்சல்களைப் பல இடங்களில் அன்றுதான் கொடுப்பார்கள். அம்மாக்கள் நவம்பரிலேயே அனுப்பியிருப்பார்கள். வேர்க்கடலை வெண்ணெய், சீரியல், சாக்ஸ், அந்தப் பைஜாமா. குக்கீஸ் சுடும் குறிப்பை எழுதி அனுப்பும் அம்மாக்களும் உண்டு. ஜப்பானிய வாடகை வீட்டில் ஓவன் ஏது? மீன் சுடும் அடுப்பில் சுட்டு, மத்தி மீன் வாசனையோடு இலவங்கப்பட்டை குக்கீஸ் தின்ற கதையை இரண்டு வெவ்வேறு வருடங்களில், இரண்டு வெவ்வேறு பையன்கள் எனக்குச் சொன்னார்கள். ஊழியத்தைப் பொறுத்தவரை டிசம்பர் அவர்களுக்கு நல்ல மாதம். இலவச ஆங்கில வகுப்பு நடத்துவார்கள், அங்கே வரும் ஜப்பானியர்களுக்கு ‘நிஜ’ கிறிஸ்துமஸ் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை. ரயில் நிலைய வாசலில் நின்று பாடினால் நாலு பேர் நிற்பார்கள். வருடக் கடைசி ஆபீஸ் விருந்து முடிந்து தள்ளாடி வருகிறவர்கள்தான் வருடத்திலேயே அதிக அன்போடு நின்று பேசுகிறவர்கள் என்று ஒருவன் சொன்னான். மறுநாள் அவர்களுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது.

போன் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. குளிர்காலத்தில் ஜப்பானுக்கும் உட்டாவுக்கும் 16 மணி நேர வித்தியாசம். நகோயாவில் 25ஆம் தேதி காலை எட்டு மணி என்றால் அங்கே 24 மாலை நான்கு, இன்னும் யாரும் பரிசைப் பிரித்திருக்கமாட்டார்கள். அங்கே கிறிஸ்துமஸ் காலை விடியும்போது நகோயாவில் நள்ளிரவு, பையன்கள் பத்தரைக்கே படுத்துவிடுகிறவர்கள். அதனால் பலர் 26 காலை எழுந்ததும் பேசுகிறார்கள், அங்கே 25 பிற்பகல். உங்கள் கட்டடத்தில் 26ஆம் தேதி காலை ஏழு மணிக்கு இரண்டாம் மாடியில் சத்தமாகச் சிரிப்போ வேறெதுவோ கேட்டால் அதுதான். பழைய விதி இருந்த காலத்தில், சபையைச் சேர்ந்த ஒரு ஜப்பானியக் குடும்பத்தின் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவன் என்னென்ன சொல்ல வேண்டுமென்று ரயில் அட்டவணையின் பின்பக்கம் பதினேழு விஷயம் எழுதிவைத்திருந்தான். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “உங்கள் ஃபிரிட்ஜைக் காட்டு.” மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த வீட்டுக்காரர்களின் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினானாம். தட்டுத் தட்டாக முட்டை, மீன், பழம். அம்மாவுக்கு நிம்மதி. தன் ஃபிரிட்ஜில் அன்று இருந்தது அரை முட்டைக்கோஸும் ஒரு பால் டப்பாவும் என்று அவன் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

வாராவாரம் பேச விட்டது நல்லதா என்பதில் நான் இன்னும் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன். விதி மாறிய பின் நான் பேசியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. சிலருக்கு அது மூச்சு விட்டதுபோல இருந்தது. இரண்டு பேர், திங்கட்கிழமை பேசிவிட்டால் புதன்வரை வேலை ஓடவில்லை என்றார்கள். ஒருத்தி சொன்னது மறக்கவில்லை: முன்பெல்லாம் வருடத்துக்கு இரண்டு முறை அழுதார்கள், நாங்கள் வாரம் ஒருமுறை அழுகிறோம், மொத்தத்தில் யார் அதிகம் என்று தெரியவில்லை. என் சொந்தக் கருத்து, பத்தொன்பது வயதுப் பிள்ளையை அம்மாவின் குரலிலிருந்து ஆறேழு மாதம் தள்ளி வைப்பதற்கு எந்த மதமும் தக்க காரணம் சொல்லிவிட முடியாது என்பது. இது ஆய்வு முடிவு இல்லை, ஒரு தகப்பனின் அபிப்பிராயம்.

கட்டாயப்படுத்தி அனுப்புகிறார்களா என்றும் உங்களுக்குள் ஓடுகிறது என்று நினைக்கிறேன். கதவு பூட்டியில்லை, நாளைக்கே போகிறேன் என்றால் போகலாம், போகிறவர்களும் உண்டு. ஆனால் பையன்களைப் பொறுத்தவரை இதைக் கடமை என்றே சபை கற்றுக்கொடுக்கிறது. அண்ணன் போனான், அப்பா போனார், தாத்தா போனார் என்ற வீட்டில் ‘நான் போகவில்லை’ என்பது லேசான வார்த்தை இல்லை. பாதியில் திரும்பியவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்ற பயமும் உண்டு. நான் பேசிய மூன்று பேரும் மனச்சோர்வினால் திரும்பியவர்கள். திரும்பியது தப்பென்று மூவரும் சொல்லவில்லை, விமான நிலையத்தில் வரவேற்பு பேனர் இல்லாமல் இறங்கியதைத்தான் மூவரும் சொன்னார்கள். மறுபக்கம், வாழ்க்கையிலேயே சிறந்த இரண்டு வருடம் என்று கண் மின்னச் சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். அதே ஆள் காலையில் இதையும் மாலையில் அதையும் சொல்லியிருக்கிறான்.

இப்படி வீட்டைப் பிரிந்து கிடப்பது புதிதும் இல்லை. 1901 ஆகஸ்ட் 12ஆம் தேதி யோகோஹாமா துறைமுகத்தில் முதல் நான்கு மார்மன் மிஷனரிகள் இறங்கினார்கள். தலைவர் ஹீபர் ஜே. கிராண்ட். கூட வந்தவர்களில் இளையவர் ஆல்மா டெய்லர், வயது 19, ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. கிராண்ட் இரண்டு வருடத்தில் திரும்பிவிட்டார். டெய்லர் எட்டு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து, அவர்கள் வேதநூலான மார்மன் நூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்து 1909இல் வெளியிட்டுவிட்டு 1910இல்தான் ஊர் திரும்பினார். அத்தனை கிறிஸ்துமஸ், போன் இல்லாமல். அவ்வளவுக்கும் பலன் என்ன என்று பார்த்தால், முதல் 23 வருடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 166 பேர். 1924இல் மிஷனை மூடினார்கள். மூடச் சொன்னவர் அதற்குள் சபைத் தலைவராகிவிட்டிருந்த அதே கிராண்ட். மறுபடி திறந்தது போருக்குப் பின், 1948இல். இன்று சபையின் ஏட்டில் ஜப்பானில் ஏறக்குறைய 1,30,000 பேர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஏட்டில் உள்ளவர்கள் எல்லோரும் வருவதில்லை. உங்கள் மாடிப் பையன்கள் இரண்டு வருடத்தில் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் திரும்ப நிறைய வாய்ப்பு உண்டு. கதவைத் தட்டி ‘வேண்டாம்’ கேட்பதுதான் அவர்களுடைய அன்றாடம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். அவர்களுக்குக் கஷ்டமான நாள் 25 இல்லை. அன்றைக்குச் சபைக் குடும்பம் ஏதாவது கூப்பிட்டிருக்கும், பார்சல் இருக்கும், வீட்டுப் பேச்சு இருக்கும். “எந்த நாள் மிகவும் கனத்தது?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். நான் எதிர்பார்த்த பதில் அரிதாகத்தான் வந்தது. பெரும்பாலோர் சொன்னது டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் மூன்று நாளும். ஜப்பானில் நிஜமான குடும்பப் பண்டிகை புத்தாண்டுதான், உங்களுக்கே தெரியும். 29ஆம் தேதிவாக்கில் ஊரே வீட்டைக் கழுவித் துடைத்து உள்ளே போய்விடும். பல கடைகள் மூடியிருக்கும். ரயிலில் மூட்டை முடிச்சோடு எல்லோரும் சொந்த ஊருக்குப் போவார்கள். அந்த நாட்களில் யார் வீட்டுக் கதவையும் தட்டுவது மரியாதை இல்லை, தட்டவும் வேண்டாம் என்று பல இடங்களில் தலைவர்களே சொல்லிவிடுவார்கள். வேலையும் இல்லை, வீடும் இல்லை. முப்பத்தொன்றாம் தேதி இரவு பௌத்த கோயில்களில் 108 முறை மணி அடிப்பார்கள். பத்தரைக்கே விளக்கணைத்துப் படுத்த இரண்டு பேரும் தூங்கவில்லை என்பது ஒருவருக்கொருவர் தெரிந்தே, கடைசி மணிவரை எண்ணிக்கொண்டு கிடந்ததாக ஒருவன் சொன்னான். இவனுக்கு 107 வந்ததாம், தோரியோவுக்கு 109.

நான் சப்போரோவில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எழுபது தாண்டிய பெரியவர். ஒரு வருடம் ஜனவரி 2ஆம் தேதி இரண்டு பையன்கள் வந்து, மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பனி வாரட்டுமா என்று கேட்டார்கள். அந்த ஊரில் ஒரு குளிர்காலத்துக்கு நாலைந்து மீட்டர் பனி விழும், வாராவிட்டால் வாசல் திறக்காது. ஒருவன் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவன், மண்வெட்டியை அவன் பிடித்த விதத்திலேயே அது தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் வாரினார்கள். பெரியவர் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்தார். அடுத்த ஜனவரியிலும் இரண்டு பேர் வந்தார்கள், வேறு ஆட்கள். போன வருடம் வந்தவன் குறிப்பில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பெரியவருக்கு ஆள் மாறியதே தெரியவில்லை, “சோரோசான், இந்த வருடம் கொஞ்சம் இளைத்துவிட்டீர்கள்” என்றார். பனி வாரி வியர்த்த அந்த ஒன்றரை மணி நேரம்தான் அந்த வாரத்திலேயே தான் மனுஷனாக இருந்த நேரம் என்று ஐடஹோக்காரன் பின்னால் ஒரு முறை சொன்னான். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, இவர்களைக் கூப்பிட்டால் சும்மா உட்கார வைக்காமல் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது நல்லது என்பது.

ஆக, கூப்பிடுங்கள். தப்பே இல்லை, சந்தோஷப்படுவார்கள். 25க்குக் கூப்பிடுவதைவிட ஜனவரி 2 அல்லது 3 என்று சொல்லுங்கள். சில நடைமுறைகள் உண்டு. உங்கள் கணவரோ வேறு ஆண் யாராவதோ வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள், பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் வரமாட்டார்கள், வாசலிலேயே நின்றுகொள்வார்கள். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளோடு விளையாடுவார்கள், ஆனால் அவர்களிடம் குழந்தையை விட்டுவிட்டு நீங்கள் கடைக்குப் போய்விடாதீர்கள், அதற்கும் விதி உண்டு. இரவு ஒன்பதரைக்குள் வீடு திரும்ப வேண்டியவர்கள், ஆறு மணிக்கே இலையைப் போடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம் இருப்பார்கள், அந்த நாள் வேண்டாம். இந்த விதிகள் அவ்வப்போது மாறுகிறவை, ஒவ்வொரு மிஷனிலும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். சந்தேகம் வந்தால் அவர்களையே கேட்டுவிடுங்கள், கூச்சப்படாமல் சொல்வார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு சின்ன ஜெபமோ, ‘ஒரு செய்தி பகிரலாமா’ என்ற கேள்வியோ வரும். அது அவர்கள் பிழைப்பு, வராமல் இருக்காது. விருப்பமிருந்தால் கேளுங்கள். இல்லையென்றால், நாங்கள் எங்கள் சாமியைக் கும்பிடுகிறவர்கள், நீங்கள் சாப்பிடத்தான் வந்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். நான் அப்படித்தான் பதினோரு வருடம் சொன்னேன், ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. அடுத்த முறை வேறு இருவர் வந்து மறுபடி கேட்டார்கள், அது வேறு விஷயம். தயங்கினால் உங்களுக்குத்தான் தர்மசங்கடம், தெளிவாகச் சொல்லுங்கள்.

டீ, காபி நீட்டாதீர்கள், ஜப்பானியப் பச்சை டீயும் கூடாது. பார்லியில் போடும் ‘முகிச்சா’ பரவாயில்லை. சூடான பானம் விலக்கு என்று அவர்கள் பழைய வசனம் சொன்னாலும், அதை டீ, காபி என்றுதான் சபை பொருள் கொள்கிறது. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள், நன்றாகக் குடிப்பார்கள். சுக்குக் காபி என்று மட்டும் பெயர் சொல்லிவிடாதீர்கள். அதில் காபித்தூளே இல்லையென்று நீங்கள் விளக்குவதற்குள் மிரண்டுவிடுவார்கள். சப்பாத்தி போடுவதாக இருந்தால் உருட்டுக்கட்டையை ஒருவனிடமும் தோசைக்கரண்டியை இன்னொருவனிடமும் கொடுத்துவிடுங்கள். வட்டமாக வராது. சாதம் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.